நாற்பத்திரண்டாம் துடுப்பு

"இந்த வாரண்டுக்கு இருபத்துநாலு வயசு, சேச்சி. பொண்ணா இருந்தா இந்நேரம் கட்டிக் கொடுத்திருக்கலாம்" என்றான் பாகுலேயன்.

சோசம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை பத்து மணியிலிருந்து கோர்ட்டில் அவள் பார்க்காத ஜன்னல் பாக்கியில்லை. முதல் ஜன்னலில் இருந்தவர் பதிவறைக்குப் போகச் சொன்னார். பதிவறையில் இருந்தவள் பழைய கட்டடத்துக்குப் போகச் சொன்னாள். பழைய கட்டடம் பூட்டிக் கிடந்தது. சாவி எங்கே என்று விசாரித்தால், முதல் ஜன்னல்காரரின் இடுப்பில் தொங்குகிறது என்றார்கள். திரும்பி வந்தபோது முதல் ஜன்னலில் ஆள் இல்லை.

ஆள் எங்கே போவார்? நாளை முதல் பத்து நாள் ஓண விடுமுறை. வராந்தாவில் கசவுச் சேலை கட்டிய டைப்பிஸ்டுகள் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் வடம் இழுக்கும் போட்டிக்குக் கயிறு வந்து இறங்கியிருந்தது. மொத்த கோர்ட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மாஜிஸ்திரேட் ஒருவர்தான்.

இருபத்தெட்டு வருஷம் காக்கி போட்டு, ஹெட்கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்று, இப்போது ஆலப்புழையில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள் சோசம்மா. திருடனைத் துரத்தச் சொன்னால் முட்டிவலியோடு இப்போதும் துரத்துவாள். ஆனால் ஒரு காகிதத்தைத் துரத்துவது அவளுக்கு ஆகவே ஆகாது. அதற்காகத்தான் பாகுலேயனை வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, வாய்க்கொழுப்பால் வேலை போனவன். இப்போது அவளுடைய ஆட்டோவையும் ஓட்டினான், அவளுடைய பொறுமையையும் சோதித்தான்.

"மணி என்ன?"

"பதினொண்ணு அம்பது. அஞ்சு மணிக்கு எஸ்.ஐ. வந்து நம்ம ஆளைத் தூக்கிடுவார். இன்னும் அஞ்சு மணி நேரம் பத்து நிமிஷம்."

"கணக்கை நான் கேட்டேனா?"

நம்ம ஆள் என்றால் சேனங்காட்டு டைலர் விசுவம்பரன். வழக்கு சுருக்கமானது. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் மாதக் கோப்பைப் படகுப் பந்தயத்தில் சேனங்காட்டுச் சுண்டன் வள்ளம் என்ற பாம்புப் படகு ஜெயித்தது. ஜெயித்த ஐந்தாவது நிமிஷம், தோற்ற மூலேக்காட்டு வள்ளத்துக்காரர்களோடு தண்ணீரிலேயே அடிதடி. துடுப்பால் அடித்ததில் போலீஸ்காரர் ஒருவருக்கு இரண்டு பல் போயிற்று. படகுக் கழகம் முன்கூட்டிக் கொடுத்திருந்த துடுப்புக்காரர் பட்டியலை அப்படியே எடுத்து எண்பத்தாறு பேர் மீதும் வழக்குப் போட்டார்கள். எண்பத்தைந்து பேர் வாய்தாவுக்கு வந்து, வருஷக்கணக்கில் அலைந்து, கடைசியில் விடுதலையானார்கள். நாற்பத்திரண்டாம் ஆள் மட்டும் ஸ்டேஷனில் ஜாமீன் எழுதிக் கொடுத்தவன், அப்புறம் தலைகாட்டவில்லை. அவன் பேருக்கு வாரண்ட். அந்தப் பேர் விசுவம்பரன்.

இந்த வாரம் போலீஸில் பழைய வாரண்டுகளைத் தூசி தட்டும் வாரம். நாளை மறுநாள் விசுவம்பரனும் மனைவியும் அயர்லாந்துக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே நர்ஸாக இருக்கும் ஒரே மகளுக்கு இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. அடுத்த வாரம் பிரசவம். அச்சன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தினமும் போனில் அழுகிறாள். கோர்ட்டில் சரணடைந்தால் ஜாமீன் கிடைத்துவிடும். ஜாமீனில் இருப்பவனை யார் நாட்டை விட்டுப் போக விடுவார்கள்? சண்டையில் அவன் இல்லவே இல்லை என்று காட்டினால்தான் வாரண்டும் வழக்கும் ஒன்றாகத் தொலையும்.

முற்றத்தில் விசில் ஊதினார்கள். முதல் ஜன்னல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுப் பக்கம் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் குறைந்தது.

பாகுலேயன் சட்டைக் கையைச் சுருட்டினான். "சேச்சி, என் பையைப் பிடிங்க."

கால் மணி நேரம் கழித்து, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, ஒரு மெல்லிய கட்டோடு வந்தான். "நீதி கேட்டு நடந்தவங்க உண்டு. நீதிக்காகக் கயிறு இழுத்தவன் நான் ஒருத்தன்தான்."

கட்டுக்குள் மூன்றே காகிதம். குற்றப்பத்திரிகை, துடுப்புக்காரர் பட்டியல், நாற்பத்திரண்டாம் ஆள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த ஜாமீன் பத்திரம். சோசம்மா பத்திரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். அடையாளம் என்ற இடத்தில் மாநிறம் என்றும் உயரம் ஐந்தடி பத்தங்குலம் என்றும் எழுதியிருந்தது.

"பாகுலேயா, நம்ம டைலர் எவ்வளவு உயரம்?"

"தையல் மிஷின் பின்னால உட்கார்ந்தா தலை தெரியும். அவ்வளவுதான்."

"ஆட்டோவை எடு."

*

சேனங்காட்டு வாய்க்கால் ஓரத்தில் வீடு, முன்னறையில் கடை. பலகையில் 'சாம்பியன் டைலர்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் துடுப்பு ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. ஊரில் அவருக்குப் பேரே துடுப்பு விசுவம்பரன்தான்.

விசுவம்பரன் ஒரு ஓணச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி வனஜாட்சி நேந்திரங்காய் வறுவலைச் சூடாறப் பரப்பிவிட்டு, அவர்களுக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தாள். பெட்டி இரண்டு திறந்து கிடந்தது. ஒன்றில் முழுக்கக் குழந்தைத் துணி.

"ஃபைல் கிடைச்சுதா மேடம்?" என்றாள்.

"கொஞ்சம் கிடைச்சுது. நீங்க அந்தப் பந்தயத்தைப் பார்த்தீங்களா?"

"அப்போ கல்யாணம் ஆகலையே. எங்க ஊர் பம்பைக்கு அந்தப் பக்கம். ரேடியோலதான் கேட்டேன். அதுவும் பாதியில கரண்ட் போயிடுச்சு. திரும்பி வந்தா ஜெயிச்சாச்சுங்கிறான்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

விசுவம்பரன் கத்தரியை வைத்தார். சோசம்மா பத்திரத்தை நீட்டினாள்.

"இதுல அஞ்சடி பத்துன்னு போட்டிருக்கு."

"அப்போ அவ்வளவு இருந்தேன்."

"இப்போ?"

"வயசானா குறையும் மேடம்."

பாகுலேயன் அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி, அவரைச் சுவரோரம் நிறுத்தி அளந்தான். "அஞ்சடி மூணு. சேட்டா, ஏழங்குலம் குறையறதுக்கு உங்களை மழையிலயா காயப் போட்டாங்க?"

"போலீஸ்காரன் கண்ணளவு. எழுதினது தப்பு" என்றார் விசுவம்பரன் பிடிவாதமாக.

சோசம்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவள் பயந்தது இதைத்தான். உயரம் வெறும் கண்ணளவு என்று எந்த அரசு வக்கீலும் ஊதித் தள்ளிவிடுவான். அதை இந்த ஆளே ஊதித் தள்ளுகிறாரே.

"அப்போ நீங்கதான் வள்ளத்துல இருந்தீங்க."

"பின்னே? நாற்பத்திரண்டாம் துடுப்பு."

"பந்தயத்தைச் சொல்லுங்க, கேப்போம்."

அதற்காகவே பிறந்தவர்போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணாம் டிராக் நாங்க. ரெண்டு மூலேக்காடன். மூணாம் டிராக் வள்ளம் எடுத்த எடுப்புல ஒரு வள்ள நீளம் முன்னால. நாலாம் டிராக்ல பின்னால நின்னு திசை திருப்புற அமரக்காரன் கால் வழுக்கி, வள்ளம் கோணிக்கிட்டுக் கரைக்குப் போகுது. தென்னை மரத்து உச்சியிலயும் ஜனம். மூலேக்காடன் நிமிஷத்துக்கு எண்பது துடுப்பு, நாங்க எழுபத்தாறு. பாதித் தூரத்துக் கம்பம் வருது. நாங்க அரை வள்ளம் பின்னால. அந்த இடத்துல நான் கண்ணை மூடிட்டேன் மேடம். தெய்வத்தை நினைச்சு ஒரே இழுப்பு. கண்ணைத் தொறந்தா ஜெயிச்சாச்சு. கரையே ஆடுது."

தொடையில் துடுப்புப் போட்டுக்கொண்டே சொன்னார். கண் கலங்கியிருந்தது.

சோசம்மா எழுந்தாள். "படித்துறை வரைக்கும் வாங்க. காத்தாட நின்னு பேசுவோம்."

படித்துறையில் நின்றதும் குரலைத் தாழ்த்தினாள். "பன்னிரண்டு வருஷம் நான் பந்தய டூட்டி பார்த்திருக்கேன். வள்ளத்துல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? முன்னால இருக்கிறவன் முதுகும், மூஞ்சியில அடிக்கிற தண்ணியும். நாலாம் டிராக்ல அமரக்காரன் வழுக்கினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நிமிஷத்துக்கு எத்தனை துடுப்புன்னு யார் எண்ணினா? நீங்க துடுப்புப் போடலை. ரேடியோ கேட்டிருக்கீங்க."

விசுவம்பரன் பதறித் திரும்பி வீட்டைப் பார்த்தார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"சத்தம் போடாதீங்க மேடம். அவ உள்ளே இருக்கா."

அப்புறம் மெல்ல மெல்ல வந்தது. வெளியூர்த் துடுப்புக்காரர்கள் இத்தனை பேருக்குமேல் கூடாது என்பது பந்தய விதி. கழகம் கூடுதலாக இருபது மல்லர்களை வெளியிலிருந்து இறக்கி, பட்டியலில் உள்ளூர்க்காரர் பேரை எழுதிக் கொடுத்தது. பேர் கொடுத்தவன் பந்தயத்தன்று கரையில் தென்படக் கூடாது. எங்காவது போய் மறைந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டில் உட்கார்ந்தவன் எவனோ ஒரு நெட்டையன். சண்டையில் பிடிபட்டதும் பட்டியலில் இருந்த பேரையே சொல்லி ஜாமீன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். சம்மன் வந்ததைக் கழகச் செயலாளர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவரும் செத்துப்போனார்.

"அந்த மனுஷன் செத்தது ஒண்ணுதான் இந்த வழக்குல ஒழுங்கா நடந்த காரியம்" என்றான் பாகுலேயன்.

சோசம்மா அவனை முறைத்துவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு எங்கே இருந்தீங்க? யாராவது பார்த்திருப்பாங்களே. அது போதும். நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால வெச்சா முடிஞ்சுது."

"சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"சொன்னா கோர்ட்டுல வாசிப்பாங்க. நாளைக்குப் பேப்பர்ல வரும். தரகர் என்னைப்பத்திச் சொன்னதே சாம்பியன் வள்ளத்துத் துடுப்புக்காரன்னுதான் மேடம். அதை நம்பித்தான் அவ கழுத்தை நீட்டினா. கடைப் பேரு அதுதான். என் பொண்ணு ஸ்கூல்ல அதைத்தான் சொல்லி வளர்ந்தா. வேற வழி பாருங்க. ஃபைலைத் தொலைச்சிடுங்க, வேற ஏதாவது பண்ணுங்க."

"உங்க பொண்ணு அங்கே அச்சன் அச்சன்னு அழறா."

"அவ அம்மா போகட்டும். நான் நாலு மணிக்கு வந்து சரணடையறேன்." சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஆள் அசையவில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர்களை அவள் நிறையக் கண்டிருக்கிறாள். பொய்யைக் காப்பாற்ற ஜெயிலுக்குப் போகிறேன் என்பவரை இன்றுதான் பார்க்கிறாள். அவரை வாய்க்காலில் தள்ளிவிடலாமா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தாள்.

*

ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. மணி இரண்டே கால். எங்கே போகிறோம் என்று இருவருக்கும் தெரியாது.

"வாதியைப் பிடிச்சிருக்கேன், பிரதிவாதியைப் பிடிச்சிருக்கேன்" என்று சோசம்மா பொருமினாள். "சொந்தக் கட்சிக்காரனைப் பிடிக்க வேண்டியிருக்கு. சம்பளத்துக்கு வந்த வேலையா இது, சாபத்துக்கு வந்த வேலையா?"

"எனக்கு அந்தக் கதை முடியலைன்னுதான் வருத்தம்" என்றான் பாகுலேயன். "முதல் பாதியில அமரக்காரன் கால் வழுக்கினதுகூட விடலை. கடைசிப் பாதியில ஒரு வார்த்தை இல்லை. நல்லாப் போயிட்டிருக்கிற இடத்துல டப்புன்னு நின்னுடுச்சு, கரண்ட் போன மாதிரி."

சோசம்மா முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "நிறுத்து."

"என்ன சேச்சி?"

"கரண்ட் போன மாதிரி இல்லைடா. கரண்ட்தான் போச்சு. அந்த அம்மா சொன்னாங்களே. பாதியில கரண்ட் போச்சு, வந்தப்ப ஜெயிச்சாச்சு. இவர் எங்கே கண்ணை மூடினார்? பாதியில. எங்கே தொறந்தார்? ஜெயிச்சப்புறம். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல போய், ஒரே இடத்துல வந்திருக்கு."

பாகுலேயன் திரும்பிப் பார்த்தான். "ஒரே ஊர்ல."

"ஒரே ரேடியோ. வண்டியைத் திருப்பு."

திரும்பிப் போக வேண்டியிருந்தது பாதித் தூரம்தான். வளைவில் பலாமரத்தடியில் வனஜாட்சி நின்றுகொண்டிருந்தாள். வறுவல் வறுத்த அதே சேலை, கையில் துணிப்பை. ஆட்டோவைக் கண்டதும் கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

"சமையலறை ஜன்னல் படித்துறைப் பக்கம்" என்றாள். "எல்லாம் கேட்டுச்சு. ஃபைல் காணலைன்னுதான் என்கிட்டச் சொல்லியிருந்தார். இதுதான் விஷயம்னு எனக்குத் தெரியாது."

பைக்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு நீளமான பதிவேடு. அவளுடைய ஊர் வாசகசாலையின் வருகைப் பதிவு.

"அப்போ நான்தான் அங்கே மத்தியானத்துக்கு மேல புத்தகம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த சனிக்கிழமை ஊரே பந்தயத்துக்குப் போயிடுச்சு. ரெண்டு மணிக்கு ஒருத்தர் தனியா வந்து ரேடியோ முன்னால உட்கார்ந்தார். துடுப்பு போடற மாதிரி தொடையில அடி அடின்னு அடிக்கிறார். கரண்ட் போனதும் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணை மூடிட்டார். ஜெயிச்சாச்சுன்னு கேட்டதும் அழுதார். ரேடியோவைத் தவிர என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கலை. யாருடா இந்த மனுஷன்னு நினைச்சேன். மூணு மாசம் கழிச்சுத் தரகர் கூட்டிட்டு வந்து, வள்ளத்துல துடுப்புப் போட்ட ஆளுன்னு உட்கார வெச்சார்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் சோசம்மா.

"எதுக்கு? துடுப்புப் போட்டவங்க எண்பத்தாறு பேர் இருக்காங்க. ரேடியோவுக்கு முன்னால அப்படி அழுதவர் ஒருத்தர்தான்." அவள் பதிவேட்டைத் தடவினாள். "ஆனா இதுல கையெழுத்துப் போட்டுட்டாரே. யாராவது புரட்டிப் பார்த்துக் கேலி பண்ணிட்டா? அதான் கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்துட்டேன். அவர் கண்ணுலயும் படாம பட்டுச்சேலைக்கு அடியில வெச்சிருந்தேன்."

ஒளிந்திருக்கப் போன மனுஷன், வாசகசாலை மேஜையில் பதிவேட்டைக் கண்டதும், பழக்க தோஷத்தில் வீட்டுப் பேரோடு முழுப் பேரும் எழுதி, நேரமும் போட்டிருந்தார். வந்தது 2.10. போன நேரத்தை அவர் எழுத மறந்துவிட்டார். அதை வேறொரு குண்டு எழுத்து நிரப்பியிருந்தது. 5.40. சண்டை நடந்தது நாலே முக்காலுக்கு.

"வாசகசாலைக்குப் போற பழக்கம் ஒருத்தனைக் காப்பாத்தி இப்போதான் பார்க்கிறேன்" என்றான் பாகுலேயன்.

"ஒண்ணே ஒண்ணு மேடம்" என்றாள் வனஜாட்சி. "சத்தமா வாசிக்கக் கூடாது."

*

நாலு இருபதுக்கு விசுவம்பரன் கூண்டில் நின்றார். தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. ஜெயிலுக்குப் போக அவரே தைத்ததுபோல அளவாக இருந்தது. கோர்ட்டில் கூட்டம் இல்லை. அரசு வக்கீல் வடம் இழுத்த களைப்பில் தோளை நீவிக்கொண்டிருந்தார்.

விசுவம்பரனுக்காக வந்திருந்த வக்கீல் குரியாக்கோஸ் பதிவேட்டைத் திறந்து, விரலால் ஒரு வரியைக் காட்டி, பேசாமல் மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஜாமீன் பத்திரம். மாஜிஸ்திரேட் பத்திரத்தின் உயரத்தைப் பார்த்தார், கூண்டில் நின்றவரின் உயரத்தைப் பார்த்தார், இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அரசு வக்கீலும் எழுந்துவந்து பார்த்து, ஆட்சேபணை இல்லை என்று தலையசைத்தார்.

"இது உங்க கையெழுத்தா?" மாஜிஸ்திரேட் பதிவேட்டைக் கூண்டுக்கு அனுப்பினார்.

விசுவம்பரன் குனிந்தார். மேலே வாசகசாலையின் பேர். நடுவில் தன் பேர். கடைசிக் கட்டத்தில் 5.40. அந்தக் குண்டு எழுத்தைத்தான் இருபத்துநாலு வருஷமாகப் பால் கணக்கிலும், மகளுக்கு எழுதும் கடித உறையிலும், மாத்திரை டப்பாவிலும் பார்த்துவருகிறார். தலையைத் தூக்க வெகுநேரம் ஆயிற்று. தூக்கியபோது கடைசி பெஞ்சைப் பார்த்தார். வனஜாட்சி மடியிலிருந்த துணிப்பையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, சார்."

"வாரண்ட் ரத்து. இவர் மேலான வழக்கு முடித்து வைக்கப்படுகிறது." மாஜிஸ்திரேட் பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

*

உத்தரவு நகலை எஸ்.ஐ. கையில் கொடுத்தபோது மணி ஐந்தடிக்க எட்டு நிமிஷம். திரும்பும்போது ஆட்டோவில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரம், சோசம்மா நடுவில். ஒரு நாள் முழுக்க அலைந்து, காரியம் முடிந்தும் வண்டி இப்படி இறுக்கமாகப் போவது சோசம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பாகுலேயன் வாயைத் திறந்து ஏதாவது உளறித் தொலைத்தால் தேவலை என்று முதல் தடவையாக நினைத்தாள். அவன் சாலையையே பார்த்து ஓட்டினான்.

வனஜாட்சிதான் ஆரம்பித்தாள். "மேடம் மதியம் கதையை அவசரமாத்தானே கேட்டாங்க. நிதானமாச் சொல்லுங்களேன்."

விசுவம்பரன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் டிராக் யாரு?" என்றாள்.

"நாங்க" என்றார், கேட்குமோ கேட்காதோ என்ற குரலில்.

"ரெண்டு?"

"மூலேக்காடன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். மூணாம் டிராக் வந்தது, அமரக்காரன் வழுக்கினான், தென்னை மரத்தில் ஜனம் ஏறியது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய இடத்துக்கு வந்தது. எண்பது துடுப்பு, எழுபத்தாறு துடுப்பு. பாதித் தூரத்துக் கம்பம். அரை வள்ளம் பின்னால். அங்கே நின்றுவிட்டார். மேலே போக முடியவில்லை.

சோசம்மாவின் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, வனஜாட்சி அவர் முழங்காலைத் தொட்டாள்.

"கண்ணை மூடிட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். "அப்புறம்?"